எல்லாக் களைப்புக்கும் வயது காரணமல்ல: தைராய்டு குறைவு பற்றி மூத்தோருக்கு ஓர் உரை

(துடிப்பாக மூப்படையும் நிலையம் ஒன்றில், தமிழ் பேசும் மூத்தோருக்காகப் பலதுறை மருந்தக மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

இங்கே அமர்ந்திருக்கும் ஐயாமார்கள், அம்மாமார்கள் எல்லாரும் என்னைவிட மூத்தவர்கள். அதனால் பாடம் நடத்த வரவில்லை. ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டு, மீதி நேரத்தை உங்கள் கேள்விகளுக்கு விட்டுவிடுகிறேன்.

"ரொம்பக் களைப்பாக இருக்கிறது டாக்டர்" என்று மருந்தகத்திற்கு வரும் பெரியவர்கள், நான் ஏதும் கேட்பதற்கு முன்பே காரணத்தையும் அவர்களே சொல்லிவிடுவார்கள்: "வயசாச்சு, அதான்." வயது ஒரு காரணமாக இருக்கலாம். தூக்கக் குறைவு, இரத்தசோகை, நீரிழிவு, மனக்கவலை, சாப்பிடும் மற்ற மருந்துகள் என்று இன்னும் எத்தனையோ காரணங்கள் இருக்கலாம். அவற்றுள் ஒன்றுதான் தைராய்டு குறைவு. ஒரு சிறு குழாய் இரத்தத்தை எடுத்துச் சோதித்தால் தெரிந்துவிடும். பெரும்பாலோருக்கு ஒரு சிறிய மாத்திரையில் சரியாகும். ஆனால் யாரும் சோதிக்காவிட்டால் ஆண்டுக்கணக்கில் வயதின் மேல் பழி போட்டுக்கொண்டே இருக்கலாம்.

தைராய்டு என்பது கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, பட்டாம்பூச்சி சிறகை விரித்தது போல இருக்கும் ஒரு சுரப்பி. அது சுரக்கும் ஹார்மோன், உடம்பு எவ்வளவு வேகத்தில் வேலை செய்ய வேண்டும் என்பதை நிர்ணயிக்கிறது. அடுப்பின் தீயைக் கூட்டிக் குறைப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹார்மோன் குறைந்தால் எல்லாமே சிறு தீயில் நடக்கும். இதயம் மெதுவாகத் துடிக்கும். குடல் மெதுவாக நகரும், மலச்சிக்கல் வரும். தோல் வறண்டு போகும், முடி கொட்டும். முகம், கண்ணிமை லேசாக உப்பும். குரல் கரகரக்கும். கொஞ்சம் எடை கூடும். மனம் சோர்ந்து போகும், யோசனை மந்தமாகும்.

குளிர் தாங்காமல் போவதும் ஓர் அறிகுறி. நம் ஊரில் இது சுலபமாகக் கண்ணில் படும். வீட்டில் எல்லாரும் வியர்த்துக்கொண்டு மின்விசிறியைக் கூட்டச் சொல்லும்போது, பாட்டி மட்டும் எழுந்து போய் அதை அணைப்பார். எம்ஆர்டி ரயிலில் ஏறினால் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொள்வார். முன்பு அப்படி இல்லாதவர் இப்போது இப்படி மாறியிருந்தால் அதைக் கவனியுங்கள்.

ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். இளம் வயதினருக்கு இந்த அறிகுறிகள் பல சேர்ந்து வரும். மூத்தோருக்கு ஒன்றோ இரண்டோதான் வரும், அதுவும் மெல்ல மெல்ல. மறதி மட்டும் இருந்தால் முதுமை மறதி நோய் என்று நினைப்போம். பேச்சுக் குறைந்தால் மனச்சோர்வு என்போம். காலையில் கழிவறை சிரமமாக இருந்தால் பப்பாளிப் பழம் வாங்கி வருவோம். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றாது.

எழுபதைக் கடந்த அம்மா ஒருவரை அவருடைய மகள் அழைத்து வந்திருந்தார். யாரென்று தெரியாதபடி விவரங்களைக் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். அம்மாவுக்கு மறதி வந்துவிட்டது, தொலைக்காட்சித் தொடர் பார்க்க உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்தில் தூங்கிவிடுகிறார், முதுமை மறதி நோயா என்று பார்க்க வேண்டும் என்பதுதான் மகளின் கேள்வி. அம்மா என்னிடம் அதிகம் பேசவில்லை. பேசிய கொஞ்சத்தில் குரல் அடித்தொண்டையிலிருந்து வந்தது. "சளி பிடித்திருக்கிறதா அம்மா?" என்று கேட்டேன். "இல்லையே, ரெண்டு வருஷமா இப்படித்தான். கோயில் பஜனைக்குப் போறதை நிறுத்திட்டேன், குரல் எழும்பல" என்றார். நாடி நிமிடத்திற்கு 52. கொழுப்புச்சத்து மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டும் கொழுப்பு ஏறிக்கொண்டே இருந்தது. தைராய்டைச் சோதித்தோம், மிகவும் குறைந்திருந்தது. சிகிச்சை தொடங்கி, அளவைப் படிப்படியாகக் கூட்டினோம். மறதி முழுவதும் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், அது அப்படியே மறையும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்கவும் முடியாது. ஆனால் தூக்கம் தெளிந்தது, குரல் திரும்பியது, கொழுப்பு இறங்கியது. இப்போது வந்தால் மகளைப் பேச விடுவதில்லை.

கொழுப்பைப் பற்றி நான் சொன்னதைக் கவனித்தீர்களா? தைராய்டு குறைந்தால் கெட்ட கொழுப்பு இரத்தத்தில் தங்கிவிடும். அந்த நிலையில் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை சாப்பிட்டால் தசைவலி வரும் வாய்ப்பும் கூடும். காரணம் புரியாமல் கொழுப்பு ஏறினாலோ, அந்த மாத்திரையால் உடம்பு வலிக்கிறது என்று நினைத்தாலோ, மாத்திரையை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். தைராய்டைப் பார்க்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

இந்த நோய் யாருக்கு வரும்? ஆண்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகம். மிகவும் பொதுவான காரணம், உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்குவது. 1912ஆம் ஆண்டில் இதை விவரித்த ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹஷிமோட்டோவின் பெயரால் அதை ஹஷிமோட்டோ நோய் என்கிறோம். குடும்பத்தில் தைராய்டு நோய் இருந்தால் உங்களுக்கும் வர வாய்ப்பு உண்டு. தைராய்டில் அறுவை சிகிச்சை செய்தவர்கள், கழுத்துக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்கள், இதயத் துடிப்புக்கு அமியோடரோன், மனநலத்துக்கு லித்தியம் சாப்பிடுபவர்கள் ஆகியோரும் கவனமாக இருக்க வேண்டும். "எனக்கு அந்தக் காலத்தில் தைராய்டு அதிகமாக இருந்தது, கதிரியக்க அயோடின் கொடுத்துக் குணமாக்கிவிட்டார்கள்" என்று நிம்மதியாக இருப்பவர்களும் இதில் சேர்த்திதான். அந்தச் சிகிச்சைக்குப் பிறகு, சில வேளைகளில் பல ஆண்டுகள் கழித்துக்கூட, தைராய்டு குறைந்து போகலாம்.

இனி பரிசோதனை. இங்கே பலருக்கு ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. "போன மாதம்தான் எல்லா இரத்தப் பரிசோதனையும் எடுத்தார்கள், எல்லாம் நார்மல்" என்பீர்கள். அந்த "எல்லா"வில் தைராய்டு இருந்ததா? 'ஸ்கிரீன் ஃபார் லைஃப்' பரிசோதனைத் திட்டம் நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், அதிகக் கொழுப்பு, சில வகைப் புற்றுநோய்கள் ஆகியவற்றுக்கானது. தைராய்டு அதில் இல்லை. அறிகுறி இல்லாத எல்லாருக்கும் தைராய்டு சோதனை தேவையில்லை என்பதே அதற்குக் காரணம். ஆனால் உங்களுக்கு அறிகுறி இருக்கிறது என்றால் அதை நீங்கள் வாய்திறந்து சொன்னால்தான் மருத்துவருக்குத் தெரியும்.

சோதனைக்குப் பெயர் டிஎஸ்எச். இதற்குப் பட்டினி இருக்கத் தேவையில்லை. டிஎஸ்எச் என்பது தைராய்டு சுரக்கும் பொருள் அல்ல. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி, "வேலை செய்" என்று தைராய்டுக்கு அனுப்பும் உத்தரவு அது. வீட்டில் பிள்ளை சொல்பேச்சு கேட்காவிட்டால் அம்மாவின் குரல் உயரும் அல்லவா? அதுபோல, தைராய்டு சோம்பினால் டிஎஸ்எச் உயரும். ஆகவே முடிவுத்தாளில் டிஎஸ்எச் "அதிகம்" என்று இருந்தால், தைராய்டு குறைவு என்று பொருள். இதில் குழம்பி, "எனக்குத் தைராய்டு அதிகமாம்" என்று உறவினரிடம் சொல்லி, அவர் அதற்கு ஒரு வைத்தியம் சொல்லி, பிறகு நான் எல்லாவற்றையும் திருப்பி விளக்க வேண்டியிருக்கிறது! டிஎஸ்எச் உயர்ந்திருந்தால் ஃப்ரீ டி4 என்ற இரண்டாவது அளவைப் பார்ப்பார்கள். அது தைராய்டு உண்மையில் எவ்வளவு சுரக்கிறது என்று காட்டும். முடிவுகளை 'ஹெல்த்ஹப்' செயலியில் பார்க்கலாம். கைப்பேசி பழக்கமில்லை என்றால் பிள்ளைகளையோ பேரப்பிள்ளைகளையோ காட்டச் சொல்லுங்கள்.

இரத்தம் கொடுப்பதற்கு முன் ஒன்றை மறக்காமல் சொல்லுங்கள். முடிக்கும் நகத்துக்கும் என்று கடையில் விற்கும் பயோட்டின் மாத்திரைகள் சில ஆய்வுக்கூடச் சோதனைகளைக் குழப்பி, இல்லாத முடிவைக் காட்டிவிடும். முடி கொட்டுகிறதே என்று பயோட்டின் சாப்பிடுபவருக்குத்தான் தைராய்டு சோதனையும் தேவைப்படும், வேடிக்கையைப் பாருங்கள். குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும். எவ்வளவு அளவு சாப்பிடுகிறீர்கள் என்று காட்டி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

டிஎஸ்எச் கூடியிருப்பவர் எல்லாரும் மாத்திரை சாப்பிட வேண்டுமா என்றால், இல்லை. இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் "அளவு கொஞ்சம் கூடியிருக்கிறது, ஆனால் மருந்து வேண்டாம்" என்று சொல்லும்போது சிலருக்குக் கோபம் வருகிறது. டிஎஸ்எச் லேசாகக் கூடி, டி4 சரியாக இருந்தால் இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி சோதிப்போம். பலருக்கு அது தானாகவே இறங்கிவிடும். வயது ஏற ஏற டிஎஸ்எச் சற்றுக் கூடுவதும் இயல்பு. 2017ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஐரோப்பிய ஆய்வில், இப்படி லேசான குறைவு இருந்த 65 வயதுக்கு மேற்பட்ட 737 பேரில் பாதிப் பேருக்கு உண்மையான மாத்திரையும் மற்றவர்களுக்கு மருந்தில்லாத மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். களைப்பிலோ மற்ற அறிகுறிகளிலோ இரு பிரிவினருக்கும் வேறுபாடு தெரியவில்லை. எனவே மருத்துவர் "பொறுத்துப் பார்க்கலாம்" என்றால் உங்களைக் கவனிக்கவில்லை என்று எண்ணாதீர்கள். மறுசோதனைத் தேதியைத் தவறவிடாதீர்கள், அதுதான் முக்கியம். டிஎஸ்எச் 10ஐத் தாண்டினாலோ டி4 இறங்கினாலோ கதை வேறு, அப்போது பெரும்பாலும் சிகிச்சை தொடங்குவோம்.

சிகிச்சை என்பது லெவோதைராக்ஸின் என்ற மாத்திரை. உங்கள் தைராய்டு சுரக்கும் அதே ஹார்மோன்தான், ஆய்வுக்கூடத்தில் தயாரித்தது. இந்தச் சிகிச்சையின் தொடக்கம் 1891ஆம் ஆண்டில். ஜார்ஜ் மர்ரே என்ற ஆங்கிலேய மருத்துவர், 46 வயதுப் பெண்மணி ஒருவருக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசியாகப் போட்டார். அந்தப் பெண்மணி அதன் பிறகு 28 ஆண்டுகள் நலமாக வாழ்ந்து 74 வயதில்தான் காலமானார். அத்தனை ஆண்டுகளில் அவருக்காக 870க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பிகள் தேவைப்பட்டன. நமக்குக் கடுகு போல ஒரு வெள்ளை மாத்திரை போதும்.

ஆனால் அந்தக் கடுகுக்குப் பிடிவாதம் அதிகம். மற்ற மருந்துகளோடு கலந்து, உணவோடு சேர்ந்து எடுத்தால் உடம்பில் சரியாகச் சேராது. சிகிச்சை வேலை செய்யவில்லை என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, "காலையில் எழுந்ததிலிருந்து என்ன செய்கிறீர்கள், வரிசையாகச் சொல்லுங்கள்" என்பதுதான். பல் துலக்கி, கோப்பி கலந்து, எல்லா மாத்திரைகளையும் உள்ளங்கையில் கொட்டி, கோப்பியோடு ஒரே மடக்கில் விழுங்குவார்கள். அங்கேதான் மருந்து வீணாகிறது. பால் வேண்டாம், கோப்பி-ஓ குடிக்கிறேன் என்பார் ஒருவர். பால் இல்லாத கோப்பியும் தடுக்கும். சோயா பாலும் தடுக்கும்.

சரியான முறை: காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீருடன் மாத்திரையை விழுங்குங்கள். பிறகு அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான் கோப்பியும் பசியாறலும். கால்சியம் மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை, வயிற்று எரிச்சலுக்கான மருந்துநீர் ஆகியவற்றுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும், அவற்றை மதியம் அல்லது இரவுக்குத் தள்ளிவிடலாம். ஒமெப்ரஸோல் போன்ற இரைப்பை அமில மாத்திரைகளைத் தொடங்கினாலோ நிறுத்தினாலோ சொல்லுங்கள், தைராய்டு அளவு மாறக்கூடும். வாரம் முழுவதற்கும் மாத்திரைப் பெட்டியில் அடுக்கிக் கொடுப்பது மகளோ இல்லப் பணிப்பெண்ணோ என்றால், தைராய்டு மாத்திரையை மற்றவற்றோடு ஒரே அறையில் போட வேண்டாம் என்று அவரிடம் சொல்லி வையுங்கள். தலைமாட்டில் தண்ணீர்க் குவளையோடு தனியாக வைத்துக்கொள்வது நல்ல பழக்கம்.

காலையில் முடியாது என்பவர்கள் இரவு படுக்கும் முன் எடுக்கலாம், ஆனால் கடைசியாகச் சாப்பிட்டு மூன்று மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். ரமலான் நோன்பு இருப்பவர்களுக்கு இரவு படுக்கும் நேரமோ, சஹருக்கு அரை மணி முன்போ வசதியாக இருக்கும். சஷ்டி, ஏகாதசி விரதம் இருப்பவர்கள் தண்ணீருடன் மாத்திரையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ஒரு நாள் மறந்துவிட்டால் பதறாதீர்கள். உள்ளே போன மருந்தில் பாதி வெளியேறவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். விட்டுப்போனதற்காக மறுநாள் இரட்டிப்பாகச் சாப்பிட வேண்டாம்.

அதே காரணத்தால்தான் பலனும் மெதுவாக வரும். இரண்டு வாரம் சாப்பிட்டேன், ஒன்றும் தெரியவில்லை என்று நிறுத்திவிடாதீர்கள். ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்து இரத்தம் சோதித்து, அளவை மாற்றுவோம். மூத்தோருக்கும் இதய நோய் உள்ளவர்களுக்கும் 12.5 அல்லது 25 மைக்ரோகிராம் என்று மிகக் குறைவாகத் தொடங்குவோம். இத்தனை நாள் சிறு தீயில் இருந்த இதயத்தை ஒரேயடியாக விரட்டினால் நெஞ்சுவலி வரலாம், அதனால்தான். மாத்திரை தொடங்கிய பிறகு நெஞ்சு வலித்தால் அன்றே சிகிச்சைக்குப் போங்கள், வலி கடுமையாக இருந்தால் 995ஐ அழையுங்கள். அளவு நிலைத்த பிறகு பெரும்பாலோருக்கு ஆண்டுக்கு ஒரு முறை சோதித்தால் போதும்.

"கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிட்டால் இன்னும் சுறுசுறுப்பாக இருக்குமே?" என்று ஒரு ஐயா கேட்டார். எடை குறையும் என்று சில அம்மாக்களும் நினைக்கிறார்கள். வேண்டவே வேண்டாம். அளவு மிஞ்சினால் படபடப்பு, கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை வரும். மூத்தோருக்கு இதயத் துடிப்பு ஒழுங்கு தவறி, அதனால் பக்கவாதம் வரும் ஆபத்து கூடும். எலும்பு தேய்ந்து, விழுந்தால் முறியும். எழுபதைக் கடந்தவர்களுக்கு டிஎஸ்எச் இலக்கைச் சற்று மேலேயே வைத்துக்கொள்வதும் இதனால்தான். உங்கள் மகளின் அளவும் உங்கள் அளவும் ஒன்றாக இருக்காது, மாத்திரையை மாற்றிக்கொள்ளாதீர்கள். வார்ஃபரின் அல்லது நீரிழிவு மருந்து சாப்பிடுபவர்களுக்கு அந்த மருந்துகளின் அளவையும் மறுபடி பார்க்க வேண்டியிருக்கும்.

ஊருக்குப் போய் இரண்டு மாதம் தங்கிவருபவர்கள் போதுமான மாத்திரைகளைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள், வெயிலில் வைக்காதீர்கள். அங்கே வேறு நிறுவனத்தின் மாத்திரை வாங்கினால் மைக்ரோகிராம் எண் ஒன்றுதானா என்று பாருங்கள், திரும்பியதும் மருத்துவரிடம் சொல்லுங்கள். நிறுவனம் மாறினால் அளவும் லேசாக மாறக்கூடும்.

வாழ்நாள் முழுவதும் சாப்பிட வேண்டுமா என்பது எல்லாரும் கேட்கும் கேள்வி. பெரும்பாலோருக்கு ஆம். அது போதைப் பழக்கம் அல்ல, கண்ணாடி போடுவது போல. நாட்டு மருந்தோ, கடற்பாசி மாத்திரையோ, அயோடின் சொட்டோ இதற்கு மாற்றாகாது. அயோடின் அதிகமானால் தைராய்டு மேலும் கெடுவதும் உண்டு. வேறு எதையாவது சேர்த்துச் சாப்பிட்டால் ஒளிக்காமல் சொல்லுங்கள், நாங்கள் திட்டமாட்டோம்.

அபூர்வமாக, நெடுநாள் சிகிச்சை இல்லாமல் இருந்தவருக்குக் காய்ச்சலோ நிமோனியாவோ வரும்போது நிலைமை திடீரென மோசமாகலாம். எழுப்பினாலும் எழாத மயக்கம், குழப்பம், உடம்பு சில்லிட்டுப் போவது, மூச்சு மந்தமாவது ஆகியவை இருந்தால் காத்திருக்காமல் 995ஐ அழையுங்கள்.

அடுத்த முறை உங்கள் குடும்ப மருத்துவரிடமோ பலதுறை மருந்தகத்திற்கோ போகும்போது, களைப்பு என்று மட்டும் சொல்லாமல், எப்போதிலிருந்து, முன்பு செய்த எதை இப்போது செய்ய முடியவில்லை என்று சொல்லுங்கள். "சந்தைக்கு நடந்து போவேன், இப்போது பேருந்து எடுக்கிறேன்" என்று சொன்னால் எங்களுக்குப் பாதி விளங்கிவிடும். வீட்டில் யாருக்குத் தைராய்டு நோய் உண்டு என்றும் சொல்லுங்கள். சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும், கடையில் வாங்கியவை உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். பிறகு, "தைராய்டு சோதித்திருக்கிறதா டாக்டர்?" என்று கேளுங்கள்.

இப்போது கேள்விகள். முன் வரிசையில் பச்சைச் சேலை கட்டிய அம்மா ரொம்ப நேரமாகக் கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறார். சொல்லுங்கள் அம்மா.